கோர் மாஹியா: மாயக்காரர் பெயரில் ஒரு கால்பந்து அணி (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

கென்யத் தலைநகர் நைரோபியின் கோர் மாஹியா அணியைப் பற்றிப் பேச்செடுத்தால் நண்பர்கள் அதே பத்துப் பதினைந்து கேள்விகளைத்தான் திருப்பித் திருப்பிக் கேட்கிறார்கள். ஐரோப்பிய அணிகளின் ஜாதகத்தையே மனப்பாடமாக வைத்திருப்பவர்களுக்குக்கூட ஆப்பிரிக்கா என்றால் கெய்ரோவைத் தாண்டி ஓர் அணியின் பெயர் தெரிவதில்லை. தனித்தனியாகச் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டதால் இங்கே மொத்தமாக எழுதிவைக்கிறேன். நான் கோர் மாஹியாவின் பச்சைச் சட்டைப் பக்கம் நிற்பவன். நடுநிலை வேண்டுமென்றால் வேறு இடம் பாருங்கள்.

கோர் மாஹியா என்பது ஆளின் பெயரா, ஊரின் பெயரா?

ஆளின் பெயர். விக்டோரியா ஏரியின் கென்யக் கரையில், இன்றைய ஹோமா பே மாவட்டத்தில், கன்யாம்வா என்ற குலத்தில் பிறந்த நாட்டு வைத்தியர் அவர். இயற்பெயர் கோர். லுவோ மொழியில் 'மாஹியா' என்றால் மாயம், அற்புதம். ஆங்கிலேயர் அந்தப் பகுதிக்கு வந்த காலத்தில் வாழ்ந்த அசல் மனிதர்தான்; ஆனால் அவரைச் சுற்றிப் பின்னிய கதைகளுக்குக் கணக்கில்லை. நினைத்த மாத்திரத்தில் கிழவராவார், குழந்தையாவார், விலங்காக உருமாறுவார் என்பார்கள். சித்தர்கள் கூடுவிட்டுக் கூடு பாய்ந்த கதைகளைக் கேட்டு வளர்ந்த நமக்கு இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை.

அவருடைய தந்தை ஒகாடா, பாட்டனார் ஒகாலோ. அந்தப் பாட்டனாரின் பெயரிலிருந்துதான் அணிக்குக் 'கொகாலோ' என்ற செல்லப்பெயர் வந்தது. 'ஒகாலோ வீட்டார்' என்று பொருள். கென்யப் பத்திரிகைகளின் விளையாட்டுப் பக்கத்தில் கோர் மாஹியா என்று எழுதுவதைவிடக் கொகாலோ என்று எழுதுவதே அதிகம் என்று தோன்றும்.

லுவோ மக்கள் யார்?

மேற்குக் கென்யாவில் ஏரியை ஒட்டி வாழும் பெரிய இனத்தவர். மீனும் உகாலி என்ற சோளக் களியும் அவர்களுடைய சாப்பாடு. கிசுமு அவர்களின் பெரிய நகரம். பராக் ஒபாமாவின் தந்தை ஒரு லுவோ என்று சொன்னால் நம் ஆட்களுக்குச் சட்டென்று பிடிபடுகிறது.

அணி எப்படித் தொடங்கியது?

1968 பிப்ரவரி 17 அன்று. அதற்கு முன்பே நைரோபியில் லுவோ இளைஞர்கள் பல அணிகளாகப் பிரிந்து ஆடிக்கொண்டிருந்தார்கள். ஊரிலிருந்து பிழைக்க வந்து ரயில்வேயிலும் நகராட்சியிலும் வேலை பார்த்தவர்கள் ஆங்காங்கே சங்கம் வைத்துக்கொண்டார்கள். சங்கம் இருந்த இடத்தில் பந்தும் இருந்தது. அவற்றில் சில ஒன்றாக இணைந்ததில் பிறந்ததுதான் கோர் மாஹியா. அதன் பிறகும் லுவோ யூனியன் என்ற இன்னொரு வலுவான அணி தனியாக ஆடியது, 1976, 1977 ஆகிய இரண்டு ஆண்டுகளும் கிழக்கு, மத்திய ஆப்பிரிக்கக் கோப்பையையும் வென்றது. ஒரே இனத்துக்கு இரண்டு பெரிய அணிகள். குடும்பச் சண்டைக்குக் கேட்கவா வேண்டும்.

தொடங்கிய அதே ஆண்டிலேயே கோர் மாஹியா தேசிய லீக் பட்டத்தை வென்றுவிட்டது. வில்லியம் 'சேகே' ஓமா என்ற தாக்குதல் ஆட்டக்காரரின் பெயரைப் பழைய ரசிகர்கள் இன்றும் சொல்வார்கள். 1976-ல் ஓர் ஆட்டம்கூடத் தோற்காமல் பட்டம் எடுத்தார்கள்.

இன அடிப்படையில் அணி என்றால் நம்மூர்ச் சாதிச் சங்கம் மாதிரிதானே?

இந்தக் கேள்வியைக் கேட்காதவர்களே இல்லை. ஓரளவுக்கு ஆமாம். ஆனால் அந்த ஓரளவோடு நிறுத்திக்கொண்டால் இந்த அணியைப் புரிந்துகொள்ளவே முடியாது. அணி பிறந்து பதினேழு மாதங்களில் என்ன நடந்தது என்று பார்க்க வேண்டும்.

1969 ஜூலை 5, சனிக்கிழமை. கென்ய அமைச்சர் டாம் ம்போயா நைரோபி நடுத்தெருவில் ஒரு மருந்துக்கடையிலிருந்து வெளியே வரும்போது சுட்டுக் கொல்லப்பட்டார். அடுத்த அதிபராக வரக்கூடியவர் என்று பேசப்பட்ட லுவோ தலைவர் அவர். அதே ஆண்டு அக்டோபரில் அதிபர் ஜோமோ கென்யாட்டா மருத்துவமனை திறக்கக் கிசுமுவுக்கு வந்தபோது கூட்டத்தில் கலவரம் மூண்டு, காவலர்கள் சுட்டதில் பலர் இறந்தார்கள். லுவோக்களின் மூத்த தலைவரும் நாட்டின் முதல் துணை அதிபருமான ஒகிங்கா ஒடிங்கா சிறையில் அடைக்கப்பட்டார். அவருடைய கட்சி தடை செய்யப்பட்டது.

கட்சி இல்லை, தலைவர் இல்லை, மேடை இல்லை. ஞாயிற்றுக்கிழமை பந்தாட்டம் மட்டும் மிச்சம். ஆயிரக்கணக்கானோர் ஒரே நிறத்தில் உடுத்திக்கொண்டு, சொந்த மொழியில் பாடிக்கொண்டு, தலைநகரின் நடுவே நடந்து போக அவர்களுக்கு அனுமதி இருந்த ஒரே இடம் அதுதான். சட்டசபையில் பேச முடியாததை எல்லாம் மைதானத்தில் பாடினார்கள். அந்த அணி ஜெயித்தால் அவர்கள் ஏன் அப்படிக் கூத்தாடினார்கள், தோற்றால் ஏன் வீட்டில் எழவு விழுந்ததுபோல் உட்கார்ந்தார்கள் என்பதற்கு ஆட்டத்தின் ஸ்கோரில் விடை கிடைக்காது. இதுவரை ஒரு லுவோ கென்யாவின் அதிபரானதில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மற்ற இனத்தவர் அணியில் ஆடக் கூடாது என்று விதியெல்லாம் கிடையாது. இன்று ஆடுபவர்களில் பல இனத்தவரும் அண்டை நாட்டவரும் உண்டு.

அப்படியானால் அரசு பெயரை மாற்றச் சொல்லவில்லையா?

சொன்னது. 1980-ஐ ஒட்டி அதிபர் டேனியல் அராப் மோய் இனப் பெயரோடு சங்கங்களோ அணிகளோ இருக்கக் கூடாது என்றார். அபாலுஹ்யா அணி ஏ.எஃப்.சி. லெப்பர்ட்ஸ் ஆயிற்று. லுவோ யூனியன்காரர்கள் முன்னால் இருந்த 'லுவோ'வை எடுத்துவிட்டு 'ரீ' என்று ஒட்டி, 'ரீயூனியன்' என்று வைத்துக்கொண்டார்கள். கோர் மாஹியாக்காரர்கள் இன்னும் சாமர்த்தியசாலிகள். கோர் என்பதன் மூன்று ஆங்கில எழுத்துக்கும் விரிவு கற்பித்து 'கல்ஃப் ஒலிம்பிக் ரேஞ்சர்ஸ்' என்றார்கள். காகிதத்தில் மட்டும்தான். ஒரு ரசிகனாவது அந்தப் பெயரைச் சொல்லிக் கத்தியிருப்பான் என்று நான் நம்பவில்லை. சிறிது காலத்தில் பழைய பெயரே நிலைத்துவிட்டது.

'மஷெமேஜி' ஆட்டம் என்கிறார்களே, அது என்ன?

தமிழில் சொன்னால் ஒரு நொடியில் புரியும்: மச்சான்–மைத்துனன் ஆட்டம். ஸ்வாஹிலியில் 'ஷெமேஜி' என்றால் மணவழி உறவு. 'மஷெமேஜி' அதன் பன்மை. கோர் மாஹியாவும் 1964-ல் தொடங்கிய லெப்பர்ட்ஸும் மோதும் ஆட்டத்துக்கு இந்தப் பெயர். லெப்பர்ட்ஸ் லுஹ்யா இனத்தவரின் அணி. லுவோவும் லுஹ்யாவும் அடுத்தடுத்த ஊர்க்காரர்கள். மொழி வேறு, மொழிக் குடும்பமும் வேறு, ஆனால் காலங்காலமாகப் பெண் கொடுத்துப் பெண் எடுத்தவர்கள். ஒரே வீட்டில் மாப்பிள்ளை பச்சைச் சட்டையும் மச்சான் நீலச் சட்டையுமாகக் கிளம்புவார்கள்.

கேலிக்குக் குறைவிருக்காது. லுஹ்யாக்களுக்குக் கோழி என்றால் உயிர், லுவோக்களுக்கு மீன். ஆட்டம் முடிந்த ராத்திரி யார் வீட்டுச் சட்டியில் எது வேகும், எது வேகாது என்பதில் தொடங்கி எங்கெங்கோ போகும். மாயக்காரரின் பெயர் வைத்த அணி என்பதால் சூனியப் பேச்சும் உண்டு. பிரதான வாசலில் ஏதோ புதைத்திருக்கிறார்கள் என்று சந்தேகப்பட்டு வேறு வழியாக மைதானத்துக்குள் நுழையும் பழக்கம் கிழக்கு ஆப்பிரிக்க அணிகளிடம் வெகுநாளாக இருந்தது.

லெப்பர்ட்ஸ் பக்கத்தின் பெரும்புள்ளி ஜோ கடேங்கே. வானொலி வர்ணனையாளர் லியோனார்ட் மாம்போ ம்போடேலா, பந்து அவர் காலுக்குப் போகும்போதெல்லாம் 'கடேங்கே நா ம்பிரா' (பந்தோடு கடேங்கே) என்பார். அது கென்யாவில் வழக்குச் சொல்லாகவே ஆகிவிட்டது. எதிரணி ஆட்டக்காரர்தான், ஆனாலும் சொல்லாமல் விட்டால் பாவம்.

1987-ல் அப்படி என்னதான் நடந்தது?

இதற்குச் சற்று விரிவாகவே பதில் சொல்ல வேண்டும்.

முதலில் 1979. உள்நாட்டுக் கோப்பை வென்ற அணிகளுக்காக ஆப்பிரிக்க அளவில் நடந்த தொடரில் கோர் மாஹியா இறுதிக்குப் போனது. எதிரே கேமரூனின் கானோன் யாவுண்டே. நைரோபியில் 0–2, யாவுண்டேயில் 0–6. இரண்டும் சேர்த்து எட்டு கோல் வாங்கி, ஒன்றுகூடப் போடாமல் திரும்பினார்கள். அந்த அவமானம் எட்டு ஆண்டு நெஞ்சில் கிடந்தது.

1987-ல் அதே தொடர். கென்யர்கள் அதை மண்டேலா கோப்பை என்பார்கள். பயிற்சியாளர் ஜாக் ஜான்சன் என்ற ஆங்கிலேயர். தலைவர் ஆஸ்டின் ஒடுவோர். கோல் காப்பாளர் டேவிட் ஒசியெங். பின்வரிசையில் ஜான் 'பாபி' ஒகோலா. முன்னால் பீட்டர் டாவோ. அந்த ஆண்டு அவர் காலில் ஏதோ இருந்தது, அந்தத் தொடர் முழுவதும் கோலாகப் போட்டுத் தள்ளினார்.

இறுதியில் துனிசியாவின் எஸ்பெரான்ஸ். வட ஆப்பிரிக்க அணிகளைப் பற்றித் தெரிந்தவர்களுக்கு இதன் பொருள் தெரியும்: அவர்களிடம் பணம் இருந்தது, ஒழுங்கு இருந்தது, சொந்த மண்ணில் அவர்களைக் கிள்ளக்கூட முடியாது. முதல் ஆட்டம் துனிஸில். கோர் மாஹியா இரண்டு கோல் போட்டுவிட்டு 2–2 என்று திரும்பியது. அப்போதே பாதிக் கோப்பை வந்துவிட்டது என்று சொல்லலாம். ஏனென்றால் அன்றைய விதிப்படி, இரண்டு ஆட்டமும் சேர்த்துக் கோல் எண்ணிக்கை சமமானால் வெளியூரில் போட்ட கோலுக்கு மதிப்பு அதிகம். நைரோபியில் 0–0 வந்தால் போதும், 1–1 வந்தாலும் போதும். ஆனால் எஸ்பெரான்ஸ் இரண்டு கோல் போட்டுச் சமன் செய்தால் தலைவலி, ஜெயித்தால் கதை முடிந்தது.

டிசம்பரில் இரண்டாம் ஆட்டம், காசரானியில். சீன உதவியுடன் அந்த ஆண்டுதான் கட்டி முடிக்கப்பட்ட புது மைதானம் அது. சில மாதங்களுக்கு முன், ஆகஸ்டில், அதே புல்தரையில்தான் அனைத்து ஆப்பிரிக்க விளையாட்டுகளின் இறுதியில் கென்ய தேசிய அணி எகிப்திடம் 0–1 என்று தோற்றிருந்தது. வட ஆப்பிரிக்காவிடம் இன்னொரு முறையும் அதே இடத்திலா என்ற கிலி எல்லாருக்கும் இருந்தது. ஆட்டம் 1–1-ல் நின்றது. 1–1 என்ற ஸ்கோரைப் பதற்றமில்லாமல் பார்க்கவே முடியாது: எதிராளி இன்னொன்று போட்டுவிட்டால் கோப்பை துனிஸுக்குப் பறந்துவிடும். அந்த இன்னொன்று விழவில்லை. மொத்தம் 3–3, வெளியூர்க் கோல் கணக்கில் கோப்பை கோர் மாஹியாவுக்கு.

கென்யா, உகாண்டா, தான்சானியா மூன்றையும் சேர்த்துப் பார்த்தாலும் கண்டம் தழுவிய கோப்பையை வென்ற ஒரே அணி இதுதான்.

எனக்கு அடிக்கடி நினைவுக்கு வரும் ஒரு விஷயம்: அந்தக் கோப்பைக்கு எவர் பெயரோ அந்த மண்டேலா அன்று சிறையில் இருந்தார். ஒகிங்கா ஒடிங்காவின் மகன் ராய்லா ஒடிங்காவும் 1982 ஆட்சிக் கவிழ்ப்பு முயற்சியை ஒட்டிக் கைதாகி, விசாரணையின்றிக் கென்யச் சிறையில் இருந்தார். வெளியே நைரோபித் தெருக்களில் லுவோக்கள் விடிய விடிய ஆடிக்கொண்டிருந்தார்கள்.

ஆட்டக்காரர்களுக்கு எல்லாம் ஏன் விநோதமான பட்டப்பெயர்?

கென்ய வழக்கம், பட்டப்பெயர் இல்லாதவன் ஆட்டக்காரனே இல்லை. ஒடுவோருக்கு 'மகாமு' (துணைத் தலைவர்). சாமி ஒன்யாங்கோவுக்கு 'ஜோகோ' (சேவல்). டோபியாஸ் ஒசோலாவுக்கு 'ஜுவா காலி', அதாவது கொடும் வெயில். வெட்டவெளியில் பட்டறை போட்டுத் தகரம் அடிக்கும் உழைப்பாளிகளையும் அப்படித்தான் அழைப்பார்கள். எனக்குப் பிடித்தது அதுதான்.

அவ்வளவு பெரிய அணி 18 ஆண்டுகள் பட்டமே இல்லாமல் இருந்தது ஏன்?

1995-ல் லீக் வென்றார்கள். அடுத்த லீக் பட்டம் 2013-ல். நடுவில் வளர்ந்து ஆளான ஒரு தலைமுறைக்குக் கோர் மாஹியா என்றால் அப்பா சொல்லும் பழங்கதை.

அந்த இடைவெளியில் பட்டம் வென்றவர்களின் பட்டியலைப் பார்த்தாலே காரணம் தெரிந்துவிடும். டஸ்கர் மதுபான ஆலையின் அணி. ஒசேரியன் நைவாஷா ஏரிக்கரையில் ஐரோப்பாவுக்கு ரோஜா ஏற்றுமதி செய்யும் தோட்டத்தின் அணி. சோனி சர்க்கரை ஆலையின் அணி. உலின்சி ராணுவத்தின் அணி. இவர்கள் எல்லாருக்கும் மாதம் பிறந்தால் சம்பளம் உறுதி. கோர் மாஹியாவுக்குப் பின்னால் இருந்தது சனங்கள் மட்டும்தான். சனங்கள் பாடுவார்கள், அழுவார்கள், டிக்கெட் வாங்காமல் சுவரேறியும் குதிப்பார்கள். முப்பதாம் தேதி சம்பளப் பட்டுவாடா செய்ய மாட்டார்கள்.

அதோடு நாட்டின் கால்பந்து நிர்வாகமே சந்தி சிரித்தது. ஒரு கட்டத்தில் ஒரே நாட்டில் இரண்டு போட்டி லீக்குகள் நடந்தன. ஃபிஃபா 2004-லும் 2006-லும் கென்யாவை இடைநீக்கம் செய்தது. தொலைக்காட்சியில் ஆங்கிலேய லீக் வந்துவிட்டதால் மைதானமும் காலியாயிற்று. லெப்பர்ட்ஸின் நிலையும் இதுதான், இன்னும் மோசம் என்றே சொல்லலாம்: 1998-க்குப் பிறகு 2025 வரை அவர்களுக்கு லீக் பட்டம் கிடைக்கவே இல்லை. மச்சானுக்கும் மைத்துனனுக்கும் ஒரே நோய்.

பிறகு எப்படி எழுந்தார்கள்?

2008 முதல் அம்புரோஸ் ரசியர் என்ற வழக்கறிஞர் தலைமையில் நிர்வாகம் சற்று நிலைத்தது. குரோவேசியப் பயிற்சியாளர் ஸ்ட்ராவ்கோ லோகருசிச் 2012-ல் வந்து தூங்கிக் கிடந்த அணியை உலுக்கி எழுப்பினார். கூட்டம் திரும்பியது. அந்த ஆண்டு கடைசி நாள் வரை வந்து, ஒரே ஒரு புள்ளியில் டஸ்கரிடம் பட்டத்தை விட்டார்கள்.

2013-ல் ஸ்காட்லாந்துக்காரர் பாபி வில்லியம்சன் பொறுப்பேற்று அதை வாங்கிக்கொடுத்தார். அவர் தேசிய அணிக்குப் போக, இன்னொரு ஸ்காட்லாந்துக்காரர் ஃபிராங்க் நட்டால் வந்தார். 2014-லும் பட்டம். 2015-ல் 30 ஆட்டங்களில் ஒன்றில்கூடத் தோற்காமல் பட்டம். 1976-ஐப் பார்க்காத பிள்ளைகளுக்கு அது மறுபடியும் காட்டப்பட்டது. அதன் பிறகு 2017, 2018, 2019, கொரோனாவால் பாதியில் நின்ற 2020 என்று வரிசையாக நான்கு. மறுபடி 2023, 2024.

கண்ட அளவில் இந்தக் காலத்தின் உச்சம் என்று நான் சொல்வது 2019 பிப்ரவரி. எகிப்தின் ஸமாலெக் நைரோபிக்கு வந்து 2–4 என்று தோற்றுப் போனது. கான்ஃபெடரேஷன் கோப்பையில் காலிறுதிக்குப் போனார்கள். அங்கே மொராக்கோவின் பெர்கானே அணி வெளுத்து வாங்கியது. அதை விவரிக்க எனக்கு மனமில்லை.

எவர்டன் அணியோடு ஆடியது உண்மையா?

இரண்டு முறை. விளம்பரதாரரான ஒரு பந்தய நிறுவனம்தான் இரண்டு தரப்புக்கும் பணம் கொடுத்தது. அதுவே கென்ய, தான்சானிய அணிகளுக்கு ஒரு கோப்பையும் நடத்தி, வெல்பவருக்கு எவர்டனோடு ஆட்டம் என்று அறிவித்தது. 2017-ல் கோர் மாஹியா இறுதியில் லெப்பர்ட்ஸை 3–0 என்று வென்று அந்த வாய்ப்பைப் பிடித்தது.

2017 ஜூலை 13, தார் எஸ் ஸலாம். மான்செஸ்டரிலிருந்து தன் பழைய அணிக்குத் திரும்பியிருந்த வெய்ன் ரூனிக்கு அதுதான் முதல் ஆட்டம். முப்பது கெஜத்துக்கு மேல் தொலைவிலிருந்து சுழற்றி ஒரு கோல் அடித்தார். உலகம் முழுக்கத் தொலைக்காட்சிகள் அதை மட்டும் காட்டின. ஓர் உள்ளூர் ரசிகர் வேலி தாண்டி ஓடி வந்து ரூனியைக் கட்டிப்பிடித்தார், அதையும் காட்டின. சற்று நேரத்தில் ருவாண்டாக்காரர் ஜாக் துயிசெங்கே கோர் மாஹியாவுக்காகச் சமன் செய்ததை யாரும் காட்டவில்லை. கடைசியில் எவர்டன் 2–1 என்று தப்பித்தது. மறு ஆண்டு தான்சானியாவின் சிம்பா அணியை வென்று மறுபடி வாய்ப்புப் பெற்று, நவம்பரில் லிவர்பூல் நகரின் குடிசன் பார்க் மைதானத்திலேயே ஆடினார்கள். 0–4. குளிர் என்று சொல்லிக்கொள்ளலாம்.

இந்த அணியிலிருந்து வெளிநாடு போய்ப் பெயர் வாங்கியவர் உண்டா?

மைக்கேல் ஒலுங்கா. 2015-ன் தோல்வியில்லா ஆண்டில் கோலாகக் குவித்தவர். பொறியியல் படித்துக்கொண்டே ஆடியதால் பட்டப்பெயர் 'இன்ஜினியர்'. சுவீடன், சீனா, ஸ்பெயின் என்று சுற்றி ஜப்பானின் காஷிவா ரேசோல் அணிக்குப் போனார். 2019-ல் ஒரே ஆட்டத்தில் எட்டு கோல் அடித்தார். எழுத்துப்பிழை இல்லை, எட்டுதான். அந்த ஆட்டம் 13–1. மறு ஆண்டு ஜப்பானின் முதல்நிலை லீக்கில் 28 கோல் அடித்துச் சிறந்த ஆட்டக்காரர் விருதும் பெற்றார்.

இவ்வளவு ரசிகர்கள் இருந்தும் பணத்துக்கு ஏன் திண்டாடுகிறார்கள்?

எல்லாருக்கும் சொந்தமான மாட்டைத் தண்ணீர் காட்ட யாரும் ஓட்டிப்போவதில்லை. கோர் மாஹியாவுக்கு முதலாளி கிடையாது. உறுப்பினர்களின் சங்கம்தான். 2019-ல் அரசுக்கும் பந்தய நிறுவனங்களுக்கும் வரித் தகராறு முற்றி அந்த விளம்பரதாரர் ஒரே அறிவிப்பில் எல்லா உதவியையும் நிறுத்தியபோது, நாட்டின் சாம்பியன் அணி மாதக்கணக்கில் சம்பளம் கொடுக்க முடியாமல் நின்றது. நல்ல ஆட்டக்காரர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். பாக்கி வைத்ததால் ஃபிஃபா புதிய ஆட்டக்காரர்களைச் சேர்க்கத் தடை போட்ட காலங்களும் உண்டு. 2023-ல் பட்டம் வென்றும் உரிம விதிகளை நிறைவேற்றாததால் ஆப்பிரிக்க சாம்பியன்ஸ் லீக்கில் ஆட முடியாமல் போனது.

யாராவது ஒரு கோடீஸ்வரரிடம் கொடுத்துவிட்டால் தீர்ந்துவிடுமே என்று கேட்கிறார்கள். தீரும். ஆனால் 1969-க்குப் பிறகு கையில் மிஞ்சிய ஒரே சொத்தை எழுதிக்கொடுக்க அந்த மக்கள் யோசிக்கிறார்கள் என்றால், எனக்கு அது புரியாமல் இல்லை. சம்பளம் கிடைக்காத ஆட்டக்காரனுக்கு அந்த நியாயம் புரிய வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் அநியாயம்தான்.

தான்சானியாவின் சிம்பா, யாங்கா இரண்டும் இதைவிடப் பெரியவை இல்லையா?

இன்றைய தேதியில் ஆமாம், சந்தேகமே இல்லை. இரண்டுக்கும் பின்னால் பெரும் வணிகர்கள் நிற்கிறார்கள். சிம்பாவுக்குப் பணம் போட்ட முகமது தேவ்ஜி இந்திய வம்சாவளிக்காரர். யாங்கா 2023-லும் சிம்பா 2025-லும் கான்ஃபெடரேஷன் கோப்பை இறுதி வரை போய்த் தோற்றன. யாங்கா தோற்றது எதனால் தெரியுமா? வெளியூர்க் கோல் கணக்கில். 1987-ல் நமக்குக் கைகொடுத்த அதே விதி.

ரசிகர்கள் எப்படிப்பட்டவர்கள்?

ஆட்ட நாளில் காலையிலேயே பச்சை உடுத்திக்கொண்டு, ஊதுகுழலும் மேளமுமாக நகரத்தின் நடுவிலிருந்து மைதானம் வரை ஊர்வலமாகப் போவார்கள். 'கோர் பிரோ, யாவ்னே யோ!' என்பது முழக்கம்: கோர் வருகிறது, வழி விடு. மினி பஸ்களின் கூரையில் ஆள் தொங்கும். கடைக்காரர்களில் பாதிப் பேர் கதவை இழுத்துச் சாத்துவார்கள், மீதிப் பேர் பச்சைச் சட்டை விற்பார்கள்.

அணிக்கு இன்னொரு செல்லப்பெயர் 'சிர்கால்'. ஸ்வாஹிலியில் அரசாங்கத்துக்கு 'செரிகாலி' என்று பெயர். பாரசீக மூலத்திலிருந்து வந்த சொல். நம்முடைய 'சர்க்கார்' அதன் உடன்பிறப்பு. ஆட்சி கிடைக்காத மக்கள் தங்கள் பந்தாட்ட அணிக்குச் சர்க்கார் என்று பெயர் வைத்துக்கொண்டார்கள்.

அழகாகவே சொல்லிக்கொண்டிருந்தால் பொய் சொன்னவன் ஆவேன். கல்வீச்சும் இருக்கை உடைப்பும் இந்தக் கூட்டத்தின் பழைய வியாதி. 2012 மார்ச்சில் நியாயோ மைதானத்தில் நடந்த மஷெமேஜி ஆட்டத்தில் ஒரு சிவப்பு அட்டைக்குப் பிறகு நடந்தது வெட்கக்கேடு. ஆட்டத்தை நிறுத்த வேண்டியதாயிற்று. குழந்தையோடு வந்தவர்கள் படிக்கட்டில் மிதிபடுவதற்கு 1969-ஐ யாரும் காரணம் காட்ட முடியாது.

கேரளத்தில் இறந்த கென்யத் தலைவருக்கும் இந்த அணிக்கும் தொடர்பு உண்டா?

உண்டு. 2025 அக்டோபர் 15 அன்று எர்ணாகுளம் மாவட்டம் கூத்தாட்டுகுளத்தில் ஆயுர்வேதச் சிகிச்சைக்கு வந்திருந்தபோது இறந்த ராய்லா ஒடிங்காதான் அது. மேலே 1987-ல் சிறையில் இருந்ததாகச் சொன்னேனே, அவரே. பின்னாளில் பிரதமராக இருந்தார், ஐந்து முறை அதிபர் தேர்தலில் நின்று தோற்றார். கோர் மாஹியாவின் புரவலராக இருந்தவரும் அவர்தான். உடல் நாடு திரும்பியதும் அஞ்சலிக்காக முதலில் காசரானி மைதானத்துக்கும், அடுத்து நியாயோ மைதானத்துக்கும், பிறகு கிசுமுவில் இன்னொரு மைதானத்துக்கும் கொண்டு போனார்கள். கடைசி ஊர்வலத்தில் பச்சைச் சட்டைகள் இல்லாமலா இருக்கும்?

மொத்தம் எத்தனை லீக் பட்டம்?

2024 வரை 21. கென்யாவில் வேறு எந்த அணியும் அருகில்கூட இல்லை. 1980, 1981, 1985 ஆகிய ஆண்டுகளில் கிழக்கு, மத்திய ஆப்பிரிக்கக் கோப்பை. அப்புறம் அந்த 1987.

2025-ல் பட்டத்தைப் பறித்துக்கொண்டு போனது கென்யா போலீஸ் அணி. 'சர்க்கார்' என்று பெயர் வைத்துக்கொண்டவர்களிடமிருந்து நிஜச் சர்க்கார் வந்து ஜப்தி செய்துவிட்டது என்று மைத்துனர்கள் சிரித்தார்கள்.

நைரோபி நண்பர் ஆட்டம் 'ஒன்பது மணி' என்கிறார். காலையா, இரவா?

இரண்டும் இல்லை. ஸ்வாஹிலி பேசுபவர்கள் நம் நாழிகைக் கணக்கைப்போல் பொழுது விடிந்ததிலிருந்து மணியை எண்ணுகிறார்கள். அவர்களுடைய ஒன்பது என்றால் கடிகாரத்தில் பிற்பகல் மூன்று. இந்திய நேரத்துக்கு இரண்டரை மணி கூட்டிக்கொள்ளுங்கள்: மாலை ஐந்தரை. ஞாயிற்றுக்கிழமை என்றால் காபி போட்டு வைத்துக்கொண்டு உட்காரத் தோதான நேரம்.